விசைப்பலகையும் விரலும்



இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் சங்கீதத்துக்கும் பழகிப்போன இந்த மயிலாப்பூரில், கணினித் திரையைப் பற்றியும் அதிலுள்ள பொத்தான்களைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேச வந்திருப்பவனுக்கு, தன் விஷயத்தின் தகுதியை முதலில் நிலைநாட்டிக்கொள்ள வேண்டிய கடமை உண்டு. பாடப்புத்தகங்கள் மனித–கணினி ஊடாட்டம் என்று பெயரிட்டு அழைக்கும் இத்துறை, யந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆராய்வதன்று. யந்திரத்துக்கும் அதன் முன் நிற்கும் மனிதருக்கும் நடுவே இருக்கிற அந்த மெல்லிய பரப்பை, அதாவது கண் பார்க்கும் சொல்லையும் விரல் தொடும் இடத்தையும் செவி கேட்கும் ஒலியையும், ஆராய்வது. அந்தப் பரப்புக்கு இடைமுகம் என்று பெயர். கணினி கற்கப் போகும் பிள்ளைகள் நிரல் எழுதுவதையே வித்தை என்றும், இடைமுகத்தைக் கடைசியில் பூசும் வர்ணம் என்றும் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் பிழை என்பதைச் சொல்லவே இந்த அழைப்பை ஏற்றேன். இத்துறையின் அடிப்படைகளைக் கற்க எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம் என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டால், புத்தகம் பிறகு இருக்கட்டும், முதலில் ஒரு தமிழ் விசைப்பலகையை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்பேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குவதற்கு முன், என் தாயாரைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

இருபது வருஷங்களுக்கு முன், ஓய்வூதியப் பணத்தை எடுப்பதற்காக அவரை ஒரு வங்கியின் ஏ.டி.எம்முக்கு அழைத்துச் சென்றேன். மார்கழி மாதத்தில் இருபத்தொரு புள்ளிக் கோலத்தை, ஒரு தாளையும் பாராமல், ஓர் இழையும் தப்பாமல் போட்டு முடிக்கிறவர் அவர். வாரப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிறவர். அந்த யந்திரத்தின் முன் அவர் மூன்று முறை தவறினார். திரையில் தமிழ் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் நேரே பக்கவாட்டில் ஒரு பொத்தானும் இருந்தது. அவர் அழுத்தியதெல்லாம் ஒரு படி கீழே இருந்த பொத்தான். மூன்றாம் முறை அட்டை வெளியே வந்ததும், அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நமக்கு இதெல்லாம் வராதுடா, நீயே எடுத்துக் குடுத்துடு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. அந்த வெட்கத்தைத்தான் என்னால் இன்றளவும் மறக்க முடியவில்லை. பிறகு ஒரு நாள் தனியே சென்று, அவருடைய உயரத்துக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்தபோது விஷயம் விளங்கிற்று. திரை, கனத்த கண்ணாடிக்குப் பின்னால் நாலு விரற்கடை ஆழத்தில் இருந்தது. குள்ளமான ஒருவர் கீழிருந்து அண்ணாந்து பார்க்கையில், உள்ளே இருக்கும் எழுத்து, சட்டத்தின்மேல் உள்ள பொத்தான் வரிசையில் ஒரு படி கீழே இறங்கித் தெரிந்தது. அவர் அழுத்தியது அவர் கண்ணுக்குச் சரியான பொத்தானையே. யந்திரத்தை வகுத்தவர் தம் உயரத்தையே உலகத்தின் உயரம் என்று கொண்டுவிட்டார்; அதற்கான வெட்கத்தை அனுபவித்தவர் என் தாயார்.

அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன், 1988-இல் அன்றாடப் பொருள்களின் உளவியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இழுக்க வேண்டிய கதவைத் தள்ளுகிறவர், தவறான அடுப்புக் குமிழைத் திருப்புகிறவர், இவர்களெல்லாம் தம்மையே நொந்துகொள்கிறார்களே அல்லாமல், பொருளைச் செய்தவரை நொந்துகொள்வதில்லை என்பது அதிலுள்ள முக்கியமான கண்டுபிடிப்பு. மனிதருக்கும் யந்திரத்துக்கும் இடையே இரண்டு பள்ளங்கள் உண்டு என்று அவர் வகுத்தார். நான் நினைத்ததைச் செய்ய எதைத் தொட வேண்டும் என்று தெரியாமல் நிற்பது ஒரு பள்ளம். தொட்ட பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் நிற்பது மற்றொன்று. நல்ல இடைமுகம் என்பது இவ்விரண்டையும் நிரவுவது. என் தாயார் முதற்பள்ளத்தில் விழுந்தார். வங்கிப் பணம் எடுக்கும் யந்திரங்களிலேயே, இவற்றையொட்டிய ஒரு மனித சுபாவத்துக்கும் உதாரணம் உண்டு. ஆரம்ப காலத்து யந்திரங்கள் முதலில் பணத்தைக் கொடுத்துப் பிறகு அட்டையைக் கொடுத்தன. பணம் கைக்கு வந்ததும் வந்த காரியம் முடிந்துவிட்டது என்று மனம் தீர்மானித்துக்கொள்ள, ஜனங்கள் அட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். மறவாதீர் என்று எத்தனை எழுதி ஒட்டினாலும் பயனில்லை. அட்டையை முதலிலும் பணத்தைப் பிறகும் கொடுக்கும்படி வரிசையை மாற்றியபோது மறதி குறைந்தது. மனிதரைத் திருத்த முயல்வதைவிட யந்திரத்தின் வரிசையைத் திருத்துவது சுலபம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இத்துறையின் சரித்திரத்தை நான் விரிக்கப் போவதில்லை. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்துச் சபை ஒன்றில், கையடக்கமான மவுஸ் ஒன்றை நகர்த்தித் திரையில் எழுத்துகளை வெட்டியும் ஒட்டியும் காட்டியதும், ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இலும் ஆப்பிள் நிறுவனம் 1984-இலும் படங்களால் ஆன திரையைக் கடைக்குக் கொண்டுவந்ததும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் சொல்ல வேண்டியது நம்முடைய கதை. அது தட்டச்சுப் பயிலகத்தில் தொடங்குகிறது.

மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் தெருவுக்கு ஒன்றாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் இருந்த காலம் ஒன்று உண்டு. மாடிப்படி ஏறுகையிலேயே அந்தச் சப்தம் கேட்கும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை லோயர், ஹையர் என்று பரீட்சை எழுத அனுப்பாத குடும்பம் அரிது. நானும் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அப்படிப் பயின்றவன்தான். ஆங்கில யந்திரத்தில் பழகிவிட்டுத் தமிழ் யந்திரத்தின் முன் உட்கார்ந்த முதல் நாள் எனக்கு ஏற்பட்ட திகைப்பை இங்கே குறிப்பிட வேண்டும். "கொ" என்று அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் பிறகு காலையும் அடிக்க வேண்டும். வாய் ஓர் ஒலியாகச் சொல்வதைக் கை மூன்று துண்டாக, அதுவும் கண் பார்க்கும் வரிசையில், போட வேண்டும். இது கண்ணின் வரிசை. சில விசைகளை அழுத்தினால் உருளை நகராமல் அப்படியே நிற்கும். புள்ளி போன்ற குறிகள் எழுத்தின் தலைமேல் விழுவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டின் பின்னால் இருக்கும் மேதையை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் அபிப்பிராயம். யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து, பிழைப்புக்காக மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் எப்படி அடக்குவது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, எழுத்துகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, கொம்பு, கால், சுழி, புள்ளி எனப் பொதுவானவற்றைத் தனி விசைகளில் வைத்து விடை கண்டார். உகர ஊகார வரிசைகள் ஒவ்வொன்றும் தனி வடிவமானபடியால், அவற்றுக்கு ஷிஃப்ட் விசையின் மேல்தளத்தைப் பெரும்பாலும் ஒதுக்க வேண்டியதாயிற்று. உலோக அச்சும் உருளையும் விதித்த எல்லைக்குள் நின்று ஒருவர் செய்யக்கூடிய அருஞ்செயல் அது. ஆனால் கணினி வந்த பிறகு அந்த எல்லை மறைந்துவிட்டது. எல்லை மறைந்தும் பழக்கம் மறையவில்லை.

தொண்ணூறுகளில் நிலைமை எப்படி இருந்தது என்பதை இங்குள்ள இளைஞர்கள் கற்பனை செய்துகொள்வது கடினம். மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் தமக்கென ஓர் எழுத்துரு, தமக்கென ஒரு விசைப்பலகை என்று வகுத்தார்கள். சென்னையில் அடித்த கடிதம் கோலாலம்பூரில் திறந்தால் புரியாத குறிகளாக நின்றது. தமிழின்மேல் பற்றுக்கொண்ட தனிமனிதர்களின் தியாகத்தால்தான் அந்நாளில் ஏதோ நடந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் ஓர் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் மயிலை. இந்த ஊரின் பெயர், கோபுரத்தையும் குளத்தையும் அறியாத எத்தனையோ அயல்நாட்டுக் கணினிகளில் அப்படித்தான் ஏறிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்ற முறையை வகுத்தார். 1997-இல் அங்கே தமிழ் இணைய மாநாடு கூடியதில் அவர் பங்கு பெரிது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் நம் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடிற்று. மு. ஆனந்தகிருஷ்ணன் போன்ற கல்வியாளர்கள் முன்னின்ற அந்த முயற்சியின் பலனாக ஒரு பொது விசைப்பலகை பிறந்தது. அவ்வாண்டே தமிழக அரசும் அதை ஏற்றது. தமிழ்99 என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

புத்தகத்துக்கு முன் எதிரில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்ன விசைப்பலகை இதுவே. அதன் அமைப்பைக் கொஞ்சம் பொறுமையுடன் பார்ப்போம். உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம். மெய்கள் அநேகமாக எல்லாம் வலக்கைப் பக்கம். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி இயங்கும். ஒரு கை அடிக்கையில் மறு கை அடுத்த எழுத்துக்கு ஆயத்தமாகும். விரல்கள் இயல்பாக ஓய்ந்திருக்கும் நடுவரிசையில், இடப்புறம் அ, இ, உ, எ. வலப்புறம் க, ப, ம, த, ந, ய. அதாவது, அதிகம் புழங்குவன அருகில். பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் ஒரு விதியைக் கண்டார்: ஓர் இலக்கை எட்டுவதற்கு ஆகும் நேரம், அதன் தூரம் கூடக் கூடவும் அதன் அகலம் குறையக் குறையவும் அதிகமாகும். அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப்பெட்டியையும், பரண்மேல் பண்டிகைப் பாத்திரத்தையும் வைக்கும் எந்தக் குடும்பத் தலைவியும் அறிந்த விதிதான் இது. ஃபிட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார். தமிழ்99-ஐ வகுத்தவர்கள் நம் எழுத்துகளில் எது அஞ்சறைப்பெட்டிச் சரக்கு, எது பரண்மேல் பாத்திரம் என்று பார்த்து வைத்தார்கள். தமிழில் புள்ளி எவ்வளவு அடிக்கடி வருமென்று எண்ணிப் பாருங்கள். அந்தப் புள்ளி, இடக்கைச் சுட்டுவிரல் ஓய்ந்திருக்கும் விசையிலேயே இருக்கிறது.

இன்னும் ஒரு நயம். குறிலான அகரத்துக்கு நேர் மேலே நெடிலான ஆகாரம். இகரத்துக்கு மேலே ஈகாரம். உகரத்துக்கு மேலே ஊகாரம். எகரத்துக்கு மேலே ஏகாரம். ஒரு குறிலின் இடம் தெரிந்தால் அதன் நெடிலின் இடத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கற்பவரின் தலையில் முன்பே இருக்கும் அறிவை, அதாவது நாம் அரிச்சுவடியில் குறிலும் நெடிலுமாக இணைத்துக் கற்ற ஜோடிகளை, விசைப்பலகை தன் துணையாக்கிக்கொண்டது. இடைமுகம் வகுக்கும் கலையில் இதைவிட உயர்ந்த தந்திரம் இல்லை என்று நினைக்கிறேன். புதிதாக எதையும் கற்பிக்காமல், தெரிந்ததையே கைகாட்டுவது.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக என் மனத்தைக் கவர்ந்தது, அந்த விசைப்பலகைக்கு இலக்கணம் தெரியும் என்பது. ஙகரத்துக்குப் பின் ககரமும், ஞகரத்துக்குப் பின் சகரமும், ணகரத்துக்குப் பின் டகரமும், நகரத்துக்குப் பின் தகரமும், மகரத்துக்குப் பின் பகரமும், னகரத்துக்குப் பின் றகரமும் வந்தால், முன்னுள்ள மெல்லெழுத்து அநேகமாக எப்போதும் புள்ளி பெறும். இன எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பழைய விஷயந்தான் இது. "தங்கை" என்று எழுத வேண்டுமானால் த, ங, க, ஐ என்று நான்கே தட்டு. புள்ளியை யந்திரம் தானே வைத்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முன்னது புள்ளி பெறும். ஆகவே "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ. "மயிலாப்பூர்" என்பதற்குப் பத்துத் தட்டு. ரோமன் எழுத்தின் வழியே சுற்றிக்கொண்டு போனால் பன்னிரண்டு. இங்கே வரிசை கண்ணின் வரிசையன்று, செவியின் வரிசை. "கொ" என்பதற்கு ககரமும் ஒகரமும், அவ்வளவே. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் கொண்டுபோய் நிறுத்துவது யந்திரத்தின் வேலை. நூற்றாண்டுகளாக இலக்கண ஆசிரியர்கள் கண்டு வைத்த ஓர் உண்மை, குமாஸ்தாவின் விரலுக்கு ஒரு தட்டை மிச்சப்படுத்துவதை நினைக்கும்போது எனக்கு மெய்யாகவே சிலிர்க்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. "மமதை" என்று எழுதும்போது இரண்டு மகரங்களுக்கு நடுவே புள்ளி வேண்டாமென்று சொல்ல அகரத்தை ஒரு முறை தட்ட வேண்டும். ஆயிரம் இடங்களில் உதவுவதற்காக ஓரிடத்தில் சிறிது சிரமப்படுத்துவது, இத்துறையில் எப்போதும் செய்துகொள்ள வேண்டிய பேரம்.

இவ்வளவு சிறப்புள்ள விசைப்பலகையை இந்தச் சபையில் எத்தனை பேர் உபயோகிக்கிறீர்கள் என்று நான் கேட்டால், சில கைகளே உயரும் என்பதை அறிவேன். பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்கிறவர்கள். அல்லது அப்படி மாற்றாமலே அனுப்பிவிடுகிறவர்கள். இதைத் தமிழ்ப்பற்றின் குறைவு என்று கடிந்துகொள்வது எளிது. நான் அப்படிக் கடிந்துகொள்ள மாட்டேன். அது என் தாயாரைக் கடிந்துகொள்வதற்கு ஒப்பாகும். பாண்டி பஜாரிலோ ரிச்சி தெருவிலோ ஒரு கணினி வாங்குங்கள். அதன் விசைகளின்மேல் அச்சிட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள் மட்டும். தமிழ்99-இல் ககரம் எங்கே என்று விசை சொல்லாது. நினைவு சொல்ல வேண்டும். பார்த்து அடையாளம் காண்பது மனத்துக்கு எளிது, பாராமல் நினைவிலிருந்து வரவழைப்பது கடினம் என்பது இத்துறையின் முதற்பாடங்களில் ஒன்று. டென்மார்க்கைச் சேர்ந்த யாக்கோப் நீல்சன் வகுத்த பத்துச் சூத்திரங்களில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. நாள் முழுதும் தட்டுகிறவர் பத்து நாள் சிரமப்பட்டு மனப்பாடம் செய்வார். அதற்குரிய பலனும் அவருக்கு வாழ்நாள் முழுதும் உண்டு. பேத்திக்கு வாரத்துக்கு ஒரு முறை வாழ்த்து அனுப்பும் பாட்டியார் ஏன் செய்ய வேண்டும்? ஒரு கருவியின் உள்ளழகு எவ்வளவாயினும், வாசற்படியில் அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தவறினால் ஜனங்கள் வேறு வாசலைத் தேடிக்கொள்வார்கள். கடையில் விற்ற கணினியின் விசைகளில் தமிழெழுத்தையும் அச்சிட்டிருந்தால் இந்த இருபத்தைந்து வருஷச் சரித்திரம் வேறு விதமாக இருந்திருக்கும் என்று நான் திடமாக நம்புகிறேன்.

செல்போனில் நிலைமை சிறிது மாறிற்று. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் செல்லினம் வெளிவந்தபோது, பன்னிரண்டு எண் விசைகளில் தமிழைத் தட்டுவதே ஓர் அற்புதமாக இருந்தது. தொடுதிரை வந்ததும் விசைமேல் அச்சிடும் பிரச்சினையே மறைந்தது. எந்த மொழியைத் தெரிந்தெடுக்கிறோமோ அந்த மொழியின் எழுத்து அங்கே தெரிகிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் அனிருத்த ஜோஷியும் மாணவர்களும் 2013-இல் ஸ்வரசக்கரம் என்ற ஒன்றைச் செய்தார்கள். ஒரு மெய்யைத் தொட்டால் அதைச் சுற்றிச் சக்கரம்போல் அதன் உயிர்மெய்கள் விரியும்; விரலை அந்தப் பக்கம் நகர்த்தினால் எழுத்து விழும். நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை, கண்ணால் கண்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது குரலைக் கேட்டே எழுதும் வசதியும் வந்துவிட்டது.

விசைப்பலகையிலேயே நின்றுவிடாமல், இந்தியர் கோடிக்கணக்கில் தொட்ட மற்றொரு கருவியையும் சொல்ல வேண்டும். மின்னணு வாக்குப்பதிவு யந்திரம் 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளிலும் உபயோகத்துக்கு வந்தது. ஒரு பெயர், அதன் பக்கத்தில் சின்னம், அதன் பக்கத்தில் நீலநிறப் பொத்தான். ஒரு யந்திரத்துக்குப் பதினாறு வரிசை. பெயரும் பொத்தானும் ஒரே தளத்தில், ஒரே கோட்டில் அமைந்திருப்பதால், எவ்வளவு குள்ளமானவருக்கும் எந்தக் கோணத்திலும் வரிசை மாறித் தெரியாது. அழுத்தியவுடன் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். நீண்ட ஒலி கேட்கும். இப்போது அச்சிட்ட சீட்டும் கண்ணாடிக்குப் பின் ஏழு விநாடி நின்று காட்டிவிட்டு விழும். கண் தெரியாதவருக்குப் பிரெய்ல் எண்ணும் உண்டு. என் தாயார் அந்த யந்திரத்தின் முன் ஒரு முறையும் தயங்கியதில்லை. அடையாற்றில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்து, "பீப்புன்னு சத்தம் வந்துது, விழுந்துடுத்து" என்று அவர் சொன்னபோது, நார்மனின் இரண்டாம் பள்ளம் நிரவப்பட்டதைக் கேட்டேன்.

இடைமுகம் என்றால் திரையாகத்தான் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. இங்கே தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998 முதல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களை ஏற்படுத்திற்று. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்தத் தகவலை எடுத்தவர்கள், மீனவர்களைக் கணினி முன் வரிசையில் உட்கார வைக்கவில்லை; கடற்கரை கேட்கும்படி ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பவருக்குக் கை ஓயாது, கண்ணும் ஓயாது. செவி ஒன்றே ஓய்ந்திருக்கிறது. ஓய்ந்திருக்கும் புலனைத் தேடிப் போய்த் தகவலைக் கொடுத்தது அந்த ஏற்பாட்டின் விவேகம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தபோது, நல்லவாடு கிராமத்தார் தங்கள் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரைக் காலி செய்தார்கள், உயிர்கள் பிழைத்தன. ரங்கநாதன் தெருவில் இன்று ஒவ்வொரு கடையிலும், இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் உரக்கச் சொல்லும் சிறு பெட்டியைப் பார்க்கிறீர்கள். இரண்டு கையாலும் துணியை மடித்துக்கொண்டிருக்கும் வியாபாரி செல்போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அதே புத்தி அதே வேலையைச் செய்கிறது.

திரையிலுள்ள சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழைத் தெரிந்தெடுத்த பிறகும் பலர் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். காரணம் அங்கே இருக்கும் தமிழ் ஒருவர் வாயிலும் வழங்காத தமிழ். "பரிவர்த்தனையைத் தொடர விழைகிறீர்களா" என்று கேட்கும் யந்திரத்திடம், பணம் எடுக்க வந்தவர் என்ன பதில் சொல்வார்? "பணம் எடுக்க", "இருப்பு எவ்வளவு", "வேண்டாம்" என்று பொத்தானில் இருக்கட்டும். நான் இப்போது பேசும் இந்த நடையும் சபைக்குரியதே தவிரப் பொத்தானுக்குரியதன்று. எழுதப் படிக்கவே தெரியாதவருக்கு என்ன செய்வது என்ற கேள்வியையும் நம்மவர் எடுத்துக்கொண்டதுண்டு. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த இந்திராணி மேதி, வீட்டு வேலை செய்யும் பெண்களிடம் சென்று உட்கார்ந்து, படத்தாலும் குரலாலும் மட்டுமே வேலைவாய்ப்பைத் தெரிவிக்கும் ஓர் இடைமுகத்தை உருவாக்கினார்.

சென்று உட்கார்ந்து என்றேன். இளைய நண்பர்களே, இத்துறையின் முறையெல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கும். நீங்கள் செய்யப் போகும் திரையை முதலில் காகிதத்தில் பென்சிலால் வரையுங்கள். காகிதமாக இருந்தால் பார்க்கிறவர் குறை சொல்லக் கூசமாட்டார். கிழிக்க உங்களுக்கும் மனம் வரும். அதை எடுத்துக்கொண்டு தெப்பக்குளத்துப் படிக்கட்டுக்கோ, பனகல் பூங்காவுக்கோ, அடையாறு பஸ் டெப்போவுக்கோ போங்கள். ஐந்து பேர் போதும். பெரும்பான்மைக் குறைகளை ஐந்து பேரே காட்டிவிடுவார்கள் என்பது நீல்சனின் அனுபவம். அவர்களுக்கு ஒரு காரியத்தைச் சொல்லி, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேளுங்கள். பிறகு உங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கடினம். அவர் தவறான இடத்தில் விரலை வைக்கையில் உங்கள் நாக்கு துடிக்கும். இங்கே தொடுங்கள் என்று சொல்லிவிட்டீர்களானால் அந்த ஒரு மணி நேரமும் வீண். அவர் தயங்கிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் தெரியவில்லை என்று அவர் சொன்னால், அதையும் அதே இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் பிழையாக.

கடைசியாக, கச்சேரி சாலைப் பக்கத்தில் நகலெடுக்கும் கடை ஒன்றில் மனுக்களும் ஒப்பந்தங்களும் தட்டித் தரும் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லி அமர்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தட்டுகிறவர். எதிரில் இருப்பது புதிய கணினி. விரல்கள் தட்டுவதோ முத்தையாவின் வழிவந்த பழைய டைப்ரைட்டர் வரிசை. நான் தமிழ்99-இன் அருமையை, இன்று உங்களிடம் சொன்னதைவிட ஆர்வத்தோடு, அவரிடம் விளக்கினேன். தட்டுவதை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டார். "நீங்க சொல்றது நல்லாத்தான் சார் இருக்கு. புதுசாப் படிக்கிற பசங்களுக்குச் சொல்லுங்க. ஆனா போன மாசம் கம்ப்யூட்டர் சரி பண்ண வந்தவர், இதோட கீபோர்டைத் தானா மாத்திட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் எனக்குப் பொழப்பே இல்ல. பழசைக் கேட்டா கெடைக்கிற மாதிரி ஒரு பக்கம் வச்சிருக்கச் சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே மனுவின் கடைசி வரியை முடித்து, திரையைப் பாராமலே அச்சுக்கு அனுப்பினார். தாள் வெளியே வந்தது. ஒரு பிழையும் இல்லை.